டெமோ தர ஏன் தயங்குகிறார்கள்?

1993 டிசெம்பரில் ‘டூம்’ வெளிவந்தபோது அதன் முதல் அத்தியாயம் முழுவதும் இலவசமாகவே கிடைத்தது. விளையாடிப் பார்த்துப் பிடித்தவர்கள் மிகுதி அத்தியாயங்களுக்குப் பணம் கட்டினார்கள். இன்று பெரிய வீடியோ கேம் நிறுவனங்கள் பல டெமோ விடுவதேயில்லை. விடுபவையும் வெளியீட்டு நாள் நெருங்கும்வரை காத்திருக்கின்றன.

முதற்காரணம் வேலைப்பளு. டெமோ என்பது முழு விளையாட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இறுதி மாதங்கள் வரை எந்தப் பகுதியும் ஒழுங்காக முடிந்திருக்காது. ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டியே மெருகேற்றி, கன்சோல் நிறுவனத்தின் பரிசோதனைக்கும் அனுப்ப ஆட்களை ஒதுக்கினால் மூலவேலை பிந்தும். அரைகுறையாக விட்டால் அந்தக் குறையே விளையாட்டின் பெயராகிவிடும்.

மற்றது, ஆவல் தீர்ந்துவிடும் என்ற பயம். டெமோ விட்டவற்றைவிட, முன்னோட்டக் காணொளி மட்டும் வெளியிட்ட விளையாட்டுகளே கூடுதலாக விற்றன என்று 2013இல் வடிவமைப்பாளர் ஜெசி ஷெல் எக்ஸ்பொக்ஸ் 360 தரவுகளைக் காட்டிப் பேசினார். விளம்பரத்துக்கு அள்ளிக் கொட்டக்கூடிய விளையாட்டுக்கு டெமோவே தேவைப்படாது என்பதையும் இதில் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனாலும் நிறுவனங்களுக்கு அந்தக் கணக்குப் பிடித்துக்கொண்டது. கப்கொம் நடுவழி ஒன்றைத் தேடியது. ‘ரெசிடென்ட் ஈவில் 2’ வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்னர், 2019 ஜனவரி 11 அன்று வந்த அதன் டெமோ 30 நிமிடம் மட்டுமே ஓடும். அதன்பின் பூட்டு.

விட்ட டெமோவைத் திரும்பப் பெறுவதும் சுலபமல்ல. 2014 ஓகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்த ‘பி.டி.’, ‘சைலன்ட் ஹில்ஸ்’ என்ற விளையாட்டுக்கான முன்னோட்டம். மறுவருடம் அந்த விளையாட்டைக் கைவிட்ட கொனாமி, டெமோவையும் கடையிலிருந்து நீக்கியது. அது பதிந்திருந்த கன்சோல்களைச் சிலர் கூடிய விலைக்கு விற்கத் தொடங்கினர். 2019இல் ஒருவர் அதன் கமராவை மாற்றிப் பார்த்து, பேய் விளையாடுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பதைக் கண்டுபிடித்தார். கோப்பு வெளியே போய்விட்டால் ஒளித்துவைத்ததும் வெளியே வரும். கதை கசிந்துவிடுமென்று நிறுவனங்கள் அஞ்சுவது இதனால்தான்.

பெயர் தெரியாத சிறு தயாரிப்பாளர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு டெமோதான் விளம்பரம். ஸ்டீம் தளத்தின் ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ விழா அவர்களால்தான் நிறைகிறது.

வாங்குபவர் என்ன செய்யலாம்? ஸ்டீமில் 2015 முதல், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதையே பலர் டெமோவாகப் பயன்படுத்துகிறார்கள். பிளேஸ்டேஷன் கடையில் வாங்குவோர் கவனிக்கவேண்டும்: தரவிறக்கம் தொடங்கிவிட்டால், விளையாட்டில் பழுது இருந்தாலொழியப் பொதுவாகப் பணம் திரும்பாது.