தணிதல்

'தணி' என்னும் வினையடிக்குக் குறைதல், ஆறுதல், அடங்குதல் என்று அகராதிகள் பொருள் கூறினும், அச்சொல் எதனெதன்மேல் ஏறி வருகிறதென்று கவனித்தால்தான் அதன் சுபாவம் புலப்படும். தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. கோபமும் அதே சொல்லால்தான் தணிகிறது. தேகத்துக்கு ஒன்று, சித்தத்துக்கு ஒன்று என்று பிரித்துவைக்கும் சிரமத்தை நம் முன்னோர் மேற்கொள்ளவில்லை.

திருத்தணிகை, சூரபத்மனோடும் பின்னர் வள்ளியின் பொருட்டு வேடரோடும் பொருத முருகப்பெருமான் சினந்தணிந்து அமர்ந்த ஸ்தலமாதலின் அப்பெயர் பெற்றதென்பது ஐதிகம்; ஆகவேதான் கந்தசஷ்டியில் ஏனைய தலங்களில் சூரசம்ஹாரம் நிகழ, இங்கே புஷ்பாஞ்சலி நடக்கிறது. யுத்தத்தை மறுபடி நடித்துக் காட்டாத இவ்வேற்பாடு எனக்கு மிகவும் உவப்பானது.

யுத்தம் மெய்யாகவே நடந்த யாழ்ப்பாணத்தில், 1993-இல் 'மனவடு' என்ற நூலை வெளியிட்ட மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், படபடப்பு, தலையிடி, உடம்பெரிவு என்று தேகத்தின் வாயிலாகவே துயரைச் சொன்ன ஜனங்களுக்கு, மூச்சுப் பயிற்சி, ஜபம், சாந்தி ஆசனம் முதலிய பழகிய முறைகளையே சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். சாந்தி ஆசனத்தில் மல்லாந்து படுத்தவர், கால்விரல் தொடங்கி நெற்றிவரை அங்கம் அங்கமாகத் தளர்த்திக்கொண்டே வருவார்.

'தணித்தான்' பிறவினை, 'தணிந்தான்' தன்வினை. மருந்து காய்ச்சலைத் தணிக்கும். சாந்தி ஆசனத்திலோ, வைத்தியர் அருகிருந்து வழிகாட்ட, தணிவது அவரவர் உடம்பேயாதலால், தன்வினை வடிவமே பொருந்தும்.