இதயத்தின் வாயிற்காவலன்



தாளம் தப்பிய நாடியை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அதன் காரணம் மட்டும் புலப்படவில்லை. இங்கிலாந்தில் பர்ன்லி என்னும் ஆலை நகரில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் மெக்கன்சி, மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் அசைவையும் ஒரே தாளில் வரையும் கருவியைப் பயன்படுத்தினார். நாடி தாறுமாறாகிவிட்ட நோயாளிகளிடம், இதயத்தின் மேலறை சுருங்குவதைக் காட்டும் அலை அடியோடு மறைந்திருந்தது. மேலறைக்கு என்ன நேர்ந்தது?

விடை காண, இதயத்தின் மின்பாதை தெரிந்தாக வேண்டும். 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர், மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் மெல்லிய தசைக்கற்றையைக் கண்டார். ஜெர்மனியின் மார்பர்க் நகருக்கு வந்து ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, அக்கற்றையின் தலைப்பில் ஒரு முடிச்சு இருப்பதை 1906-இல் விளக்கினார். தாளத்தைத் தொடங்கி வைக்கும் முடிச்சு வலது மேலறையில் உள்ளது. அதை ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் 1907-இல் வெளியிட்டனர். அதனை அவர்கள் முதலில் கண்டது ஓர் அகழெலியின் இதயத்தில்!

இதற்கிடையில் ஹாலந்தில் ஐந்தோவன், இதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியை அமைத்தார். அதன் துணையால் 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் உண்மையைக் கண்டறிந்தார். மேலறை செயலற்றுப் போகவில்லை. நிமிடத்திற்கு 350 முறைக்கும் மேலாக, ஒழுங்கின்றி நடுங்கிக் கொண்டிருந்தது. அதே ஆண்டில் வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்கும் இம்முடிவுக்கே வந்தனர்.

அப்படியானால், கீழறைகளும் அதே வேகத்தில் துடித்து உயிர் பிரிந்துவிடாதா? இங்கேதான் தவாரா கண்ட முடிச்சு வாயிற்காவலனாக நிற்கிறது. ஒரு மின் தூண்டலை அனுப்பிய பின் அதற்குச் சற்று ஓய்வு வேண்டும். அவ்வேளையில் வருபவை தடுக்கப்படுகின்றன. தப்பிச் செல்பவை ஒழுங்கற்ற இடைவெளியில் செல்வதால்தான் நாடி தாளம் தப்புகிறது.

உயிர் தப்பினாலும் ஆபத்து நீங்குவதில்லை. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறையலாம்; அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இந்நடுக்கம் உள்ளோருக்குப் பக்கவாத அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று, அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு 1978-இல் காட்டியது. ஆகவேதான் பலருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தரப்படுகிறது. நடுக்கத்தைத் தூண்டும் மின் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினர். அவ்விடத்தை மேலறையிலிருந்து மின்வழியாகத் துண்டிக்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது.

இந்நோய் பலரிடம் வலியின்றி, ஓசையின்றி வருகிறது. எனவே நேயர்களே, வீட்டில் முதியோர் இருந்தால் அவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தாளம் ஒழுங்கின்றித் தட்டுப்பட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மெக்கன்சியின் ஆராய்ச்சியும் அந்த நாடியிலிருந்துதான் தொடங்கியது.