திரைக்குள் புகுந்த அங்காடி

1990ஆம் ஆண்டில் அமெரிக்க தேசம் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவுரிமை வழங்கிச் சட்டம் இயற்றியபோது, கடைவாசற்படியருகே சாய்தளம் அமையவேண்டுமென்ற நியாயம் நிலைபெற்றதேயன்றி, கடையே திரைக்குள் புகுந்துவிட்டால் அதன் வாசல் எது என்பதைச் சொல்ல இணையதளம் என்ற பதமே அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.

இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்பொருட்டு 1999இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்த நெறிமுறைகளுள் முதலாவது, படங்களுக்கும் ஒலிகளுக்கும் ஈடான மாற்று வடிவம் வேண்டும் என்பது. பார்வையற்றோருக்கு எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான், வாசகம் இணைக்கப்படாத படத்தின்முன் ஊமையாகிவிடுகிறது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. எத்துணை எளிய உபகாரம்! ஒரு வரி எழுதினால் போதும்.

டார்கெட் என்னும் பெருவணிக நிறுவனத்தின் இணையதளத்தில் அவ்வரி இல்லாமையாலும், சுட்டெலியின்றிப் பொருள் வாங்க இயலாமையாலும், 2006இல் பார்வையற்றோரின் தேசிய சம்மேளனம் அந்நிறுவனத்தின்மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. சட்டம் கட்டடங்களுக்கே உரியதென நிறுவனம் வாதித்தது. கட்டடக் கடையோடு பிணைந்த சேவைகளுக்கு இணையதளத்திலும் அச்சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் மொழிந்தது. என் சித்தத்தில், 2008இல் சமரசமாக ஒதுக்கப்பட்ட 60 லட்சம் டாலரினும் அந்தத் தீர்மானமே பெரிது. ஏனெனில், பிறர் துணையை எதிர்பாராமல் தன் வீட்டுக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து வாங்குவது தயவன்று, உரிமை என்பதற்கு அன்றுதான் நியாயஸ்தலத்தில் ஓர் ஆதாரம் பிறந்தது.