கோச்சி வந்த பாதையும் பஸ் வராத பாதையும்: அப்புத்தளைப் போக்குவரத்தின் வரலாறு

அப்புத்தளையில் தண்டவாளத்தின் மேல் நடப்பதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. கடைத்தெருவை ஒட்டியே பாதை போகிறது. சாமான் வாங்க வந்தவர்களுக்கு அதுதான் குறுக்கு வழி. தூரத்தில் கோச்சி ஊதினால் பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார்கள். கடைசிப் பெட்டி கடந்ததும் மறுபடி சிலிப்பர் கட்டைகளில் ஏறிக்கொள்வார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குமேல், கத்தி முனைபோன்ற ஒரு மலைவிளிம்பில் இருக்கிறது ஊர். வடக்கே பண்டாரவளைப் பள்ளத்தாக்கு, தெற்கே வெல்லவாய வரை சரிந்து இறங்கும் சமவெளி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தைக் கடைகளும் வீதியும் தண்டவாளமும் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன.

கொழும்பிலிருந்து கோச்சி இங்கே வந்தது 1893இல். ஊரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஒரு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) நம்பிக்கையான பஸ் வருவதற்கோ அடுத்த நூற்றாண்டு முழுவதும் போதவில்லை. ஏன்? மலைகளையும் மண்சரிவையும் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பட்டிப்பொல உச்சியைக் குடைந்து இரும்புப்பாதை போட்டவர்களுக்கு, தோட்டத்து ரோட்டைத் திருத்துவது முடியாத வேலையாக இருந்திருக்காது. பாதை எதை ஏற்றிப்போகப் போடப்பட்டது, அது யாருடைய சொத்தாக இருந்தது என்பவற்றில்தான் விடை இருக்கிறது.

அப்புத்தளையை உள்ளடக்கிய ஊவாவுக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை காப்பிக் காலத்திலேயே எழுந்தது. கண்டிக்கு 1867இலும் நாவலப்பிட்டிக்கு 1874இலும் பாதை வந்துவிட்டது. ஊவாத் தோட்டத் துரைமார் தங்கள் காப்பியை மாட்டுவண்டியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1869இல் இதே பதுளைப் பக்கத்து மடுல்சீமையில் முதலில் காணப்பட்ட இலைநோய், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பியையே சாய்த்துவிட்டது. ஏற்றிப்போகச் சரக்கில்லாத மலைக்கு ரயில் எதற்கு என்று அரசு தயங்கியது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை அங்கேயே சில காலம் நின்றது. அடுத்த ஆண்டு ஊவா தனி மாகாணமானது. அதற்குள் தேயிலை வேரூன்றியிருந்ததால் ரயிலுக்கான நியாயமும் திரும்பி வந்தது.

நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரையிலான துண்டுதான் இந்தப் பாதையிலேயே கடினமானது. பட்டிப்பொலவுக்கு அப்பால் 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டு, ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையே சுரங்கத்துக்குமேல் சுரங்கமாக நுழைந்து வெளிவருகிறது. இவ்வளவு உயரத்திலும் ஐந்தரை அடி அகலப் பாதைதான். 1893இல் அப்புத்தளை, மறு ஆண்டு பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்கு மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. முதல் உலகப்போர் குறுக்கே வந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. தெமோதரையில் பாதை ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகிறது. 1924இல் முதல் ரயில் பதுளைக்குப் போனபோது கொழும்பிலிருந்து நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர்.

இந்தப் பாதையில் ஆட்களும் வந்தார்கள், ஆனால் சரக்குக் கணக்கில். காப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த தகர வில்லை முறையில், தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்த வில்லையைக் கட்டிக்கொண்டு வந்தவரை ரயிலேற்றிவிட்டு, செலவைத் தோட்டத்தின் பெயரில் எழுதினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு நடை குறைந்தது. அப்புத்தளை ஸ்டேசனில் இறங்கியவர்கள் அங்கிருந்து லயத்துக்கு மூட்டையோடு மறுபடி நடந்தார்கள். அந்தக் கடைசி ஐந்தாறு மைலைப் பற்றி யாரும் திட்டம் போடவில்லை. 

தோட்டத்துக்குள் போக்குவரத்து எப்படி இருந்தது என்பதற்கு தம்பேத்தன்ன நல்ல உதாரணம். தாமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்னத் தொழிற்சாலை அவர் பெயரோடு இன்றும் நிற்கிறது. செங்குத்தான மலையிலிருந்து கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்கக் கம்பிவடங்களை அமைத்தார். பறித்த கொழுந்து கம்பியில் தொங்கிக்கொண்டு சில நிமிடங்களில் இறங்கியது. பறித்தவள் காலால் இறங்கினாள். லிப்டன் தன் வசதிக்காகப் போட்ட தோட்ட ரோட்டில்தான் இன்றைக்கும் அப்புத்தளை–தம்பேத்தன்ன பஸ் ஓடுகிறது.

அந்தக் காலை பஸ்ஸில் ஒருமுறை ஏறிப்பார்த்தால் பல நூல்கள் சொல்லாதது விளங்கும். முன்பக்கம் வெள்ளைச் சட்டையில் பள்ளிப் பிள்ளைகள், கையில் சீசன் டிக்கட். நடுவில் கிளினிக் கொப்பியை முந்தானையில் செருகியிருக்கும் வயதான அம்மா. தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கு இன்னொரு பஸ் மாற வேண்டும். பின்னால் லிப்டன் சீட் காட்சிமுனையைப் பார்க்கவந்த வெளிநாட்டுப் பெண்கள் இரண்டு பேர், முதுகுப்பையை இறக்கி வைக்க இடமில்லாமல். ஒரு பக்கம் மதில்போல் எழும் மலை, மறுபக்கம் தேயிலைச் சரிவு. கொண்டை வளைவில் எதிரே கொழுந்து லொறி வந்தால் நடத்துநர் குதித்து இறங்கி, பின்சக்கரத்தைப் பார்த்தபடி தகரத்தைத் தட்டித் தட்டிப் பின்னுக்கு எடுக்கவைப்பார். இரண்டு தட்டு போகலாம், ஒரு தட்டு நிறுத்து. பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலை தூக்குவதில்லை. இது அவர்களுக்குத் தினசரி. கிளினிக் அம்மாவுக்கு அன்று பேர் (நாள் வேலைப் பதிவு) இல்லை. பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் அரைப் பேராவது விழுந்திருக்கும்.

பஸ்ஸின் வரலாறு பிரதான வீதியில் வேறு வேகத்தில் ஓடியது. தனியார் கம்பனிகளின் பஸ்களை அரசு 1958 ஜனவரி முதலாம் திகதி பொறுப்பேற்று இலங்கை போக்குவரத்துச் சபையை அமைத்தது. இலாபமில்லாத கிராமத்துக்கும் பஸ் விடவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கிராமம் என்ற அந்தச் சொல்லுக்குள் தோட்டம் வரவில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலானோர் நாடற்றவராகியிருந்தார்கள். வாக்கில்லாதவருக்கு பஸ் கேட்க எம்.பி. ஏது? தோட்டத்து ரோடுகளோ கம்பனியின் தனிச்சொத்து, துரையின் அனுமதியின்றி வெளிவண்டி நுழைய முடியாது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் ரோடு யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

அந்த ஆண்டுகளில் கோச்சி ஒரே ஒரு தேவைக்குத்தான் தோட்ட மக்களை முன்னிட்டு ஓடியது, அவர்களை அனுப்பிவைக்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து அழுத அழுகைக்கு வேறு பெயர் வைக்க முடியாது. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதிக்கு இதையே தலைப்பாக வைத்தார். போக்குவரத்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைக் கலைச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

1979க்குப் பிறகு தனியார் பஸ்களுக்குக் கதவு திறந்தது. பதுளை–கொழும்பு வீதியில் போட்டி வந்தது. அதோடு வேகமும் வந்தது. ஆளில்லாத நேரத்திலும் தோட்டப் பக்கம் ஓட அவர்களுக்குக் காரணம் இல்லை. அந்த வெற்றிடத்தை ஓட்டோ நிரப்பியது. இன்று லயத்திலிருந்து டவுனுக்கு அவசரம் என்றால் ஓட்டோதான், பிரசவ வலி என்றால் பல இடங்களில் தோட்ட லொறிதான். 2005 முதல் ஓடும் ‘சிசு செரிய’ பள்ளி பஸ் உருப்படியான ஏற்பாடு; அதுவும் ரோடு நன்றாக உள்ள இடத்தோடு நின்றுவிடுகிறது.

ரோடு ஏன் நன்றாக இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டப் பகுதியில் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத் தமிழர் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், தன் வாக்காளர் குடியிருக்கும் லயத்து ரோட்டில் ஒரு பார வண்டி கல் கொட்ட முடியாதிருந்தது. இந்த வேடிக்கையைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்குள் பெரிய திட்டங்கள் வரத்தொடங்கின. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வந்த இரண்டாம் ‘ஐ-ரோட்’ திட்டத்தில் ஊவாவும் அடங்கியது. பல கிராம வீதிகள் கார்ப்பெட் ஆயின. கஹதுடுவையிலிருந்து பெல்மதுளை நோக்கிப் போடவேண்டிய ருவன்புர அதிவேக நெடுஞ்சாலை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ரயிலில் சீன டீசல் தொடர்வண்டிகள் வந்தன. ‘எல்ல ஒடிசி’ சுற்றுலாவுக்கென்றே ஓடியது. பொடி மெனிகே, உடரட்ட மெனிகே வண்டிகளின் ஆசனங்கள் இணையத்தில் திறந்ததும் தீர்ந்துவிடும். அப்புத்தளையிலிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் போகிறவர் மூன்றாம் வகுப்பு வாசலில் தொங்குகிறார். பக்கத்து வாசலில் தொங்குகிறவர் படம் எடுக்கத் தொங்குகிறார்.

2022 பொருளாதார நெருக்கடி இந்த ஏற்றத்தாழ்வை எண்களில் காட்டிவிட்டது. ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ஆனது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவிலேயே நின்றது. இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் குறைந்தது 160 ரூபா, நாட்கூலியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

மழையும் தன் பங்கைக் கேட்காமல் விட்டதில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையருகே, சரிந்து விழுந்த பாறை ஒடுக்கிவைத்திருந்த வீதியில் தனியார் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்குமேல் இறந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் அறுத்தது. இப்படி ஆகும்போதெல்லாம் முதலில் திருத்தப்படுவது கொழும்புக்குப் போகும் வழி. அதில் தவறில்லை. தோட்டத்து ரோடு எத்தனையாவது வரிசையில் வருகிறது என்று யாரும் எழுதிவைப்பதில்லை, அதுதான் தவறு.

1893இல் சுரங்கங்களை அளந்தவர்கள் அடிக்கணக்கில் பதிவு வைத்திருந்தார்கள். அப்புத்தளை, அல்துமுல்லைப் பிரதேச சபைகள் தம் எல்லைக்குள் இருக்கும் தோட்ட ரோடுகளை அதேபோல் அளக்கட்டும். எவற்றில் இன்றே பஸ் போகலாம், எவற்றில் வளைவை அகட்டினால் போகலாம் என்று பட்டியலிட்டு பஸ் நிலையத்திலும் தோட்டத்தில் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் ஒட்டட்டும். சட்டம் வழிவிட்டாயிற்று.