ஊசிக்கு ஒரு புராணம்

அம்மை என்றால் நம் நாட்டிலே நோயன்று, ஆத்தாள்! உடலெங்கும் கொப்புளம் எழுந்தால், "முத்துப் போட்டிருக்கிறாள்" என்றனர். வாசலில் வேப்பிலை செருகினர். வைத்தியனை வெளியிலே நிறுத்தினர். இத்தகைய நாட்டில்தான், 1802ஆம் ஆண்டு, ஜென்னர் கண்ட அம்மைப்பால் வந்திறங்கியது. குத்தும் கருவியின் கூர்மைக்கா மக்கள் அஞ்சினர்? காது குத்தியும் மூக்குக் குத்தியும் அலகு குத்தியும் பழகியவர்களன்றோ! ஆத்தாளின் சினத்துக்கு அஞ்சினர். சாதியும் சேர்ந்துகொண்டது. அந்நாளில் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்து நீரை எடுத்தே மறு குழந்தையின் கையில் ஏற்றினர். எந்தச் சாதிப் பிள்ளையின் நீர் எந்தச் சாதிப் பிள்ளைக்கு என்ற கேள்வி, சாவினும் பெரிதாகப்பட்டது!

இந்த அச்சத்தைப் போக்க முனைந்தவர்களுள் ஒருவர், தமிழுலகம் நன்றியுடன் நினைக்கும் எல்லிஸ். 1810 முதல் சென்னையின் கலெக்டர். தென்மொழிகள் வடமொழி வயிற்றில் பிறந்தவை அல்ல என்பதை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னரே, சான்றுடன் எடுத்துக் காட்டியவர். குடிநீர்ப் பஞ்சம் தீரக் கிணறுகள் தோண்டி, இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் 1818இல் தமிழ்க் கல்வெட்டு வைத்தவர். அதிலே குறளும் உண்டு. அத்தகைய ஆராய்ச்சியாளர் அம்மை குத்துதலைப் பரப்ப என்ன செய்தார்? புராணம் எழுதினார்! சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதை. பசுவின் அம்மைப்பால் தெய்வம் தந்த கொடை என்பது அதன் சாரம்.

நோக்கம் நல்லதுதானே, பிள்ளை பிழைத்தால் போதாதா என்பீர்கள். தோழர்களே, பின்கதையைக் கேளுங்கள். 1819 சனவரியில், 'மெட்ராஸ் கூரியர்' ஏட்டிலே 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. பசு அம்மை குத்தும் முறையைத் தன்வந்திரியே வடமொழியில் அருளிச் செய்திருக்கிறார் என்றது அது. அவ்வளவுதான்! நூலுக்கு நூல் தாவி, ஜென்னருக்குப் பன்னூறாண்டு முன்பே பாரதம் இதை அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. (பெரியம்மைச் சீழையே உடலில் ஏற்றும் பழமுறை வங்கத்தில் வழங்கியது மெய். ஆனால் அது வேறு, பசு அம்மை வேறு.) உஜஸ்டிக் என்ற ஆராய்ச்சியாளர் இந்தப் புனைவை அலசிக் காட்டியது 1987இல்தான். அச்சம் நீங்கச் சொன்ன பொய், பழம்பெருமையாகி நூற்றறுபது ஆண்டுக்கு மேல் உலா வந்தது! எல்லிஸின் மொழியாராய்ச்சியைப் போற்றும் நாம், அவருடைய புராணத்துக்காக வழக்காட வேண்டியதில்லை.

சாதிக் கேள்விக்கு விடை வேறிடத்தில் கிடைத்தது. கிண்டியில் 1905இல் திறக்கப்பட்ட கிங் நிலையத்தில், கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுத்தனர். பிள்ளைக்குப் பிள்ளை நீர் மாற்றும் தேவையே ஒழிந்தது.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975 மே மாதத்தில், அசாமில். அந்த இறுதிப் போரிலே வீடு வீடாகச் சென்ற ஊழியர்கள் கையில், அம்மை கண்ட குழந்தையின் படம் ஒன்றிருந்தது. பதினைந்து முறை மெல்லக் குத்தும் இருமுனை ஊசியும் இருந்தது. "இப்படி யாரையேனும் கண்டீர்களா?" என்று படத்தைக் காட்டிக் கேட்டனர். முன்பு ஒளித்து வைத்த நோயைச் சொல்ல வந்தவருக்கு அரசு அறிவித்த பரிசு, முடிவில் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது.