பயணிக்கு எழுதிய மெனு, தொழிலாளிக்குக் கிடைத்த சாப்பாடு

ஸ்பெயின் நாட்டில் மதிய நேரம் பல உணவகங்களின் வாசலில் ஒரு கரும்பலகையைப் பார்க்கலாம். அதில் "மெனு டெல் தியா" என்று எழுதியிருக்கும். அன்றைய சாப்பாடு என்று பொருள். முதலில் சூப் அல்லது காய்கறி, அடுத்து மீன் அல்லது இறைச்சி, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் பழமோ இனிப்போ. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை.

இதன் கதை கடற்கரையோடு சேர்ந்தது. 1960ல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டினர் சுமார் 60 லட்சம் பேர். 1973ல் அது 3 கோடியைத் தாண்டியது. பெரும்பாலோர் தேடிப் போனது கோஸ்டா பிராவா, கோஸ்டா டெல் சோல் போன்ற மத்தியதரைக் கடலோரங்களை. மீனவர் ஊரான பெனிடார்மில் அடுக்குமாடி ஓட்டல்கள் எழுந்தன.

மொழி தெரியாத பயணிக்கு பில் எவ்வளவு வருமோ என்ற பயம். சர்வாதிகாரி பிராங்கோவின் அரசுக்கோ அன்னியச் செலாவணி தேவை. எனவே 1964ல், மனுவேல் பிராகா சுற்றுலா அமைச்சராக இருந்தபோது, உணவகங்கள் "சுற்றுலா மெனு" வைப்பது கட்டாயமானது. ரொட்டியும் கால் லிட்டர் ஒயினும் அந்த விலையிலேயே அடக்கம். 1965ல் உணவகங்களுக்கு ஒன்று முதல் ஐந்து முள்கரண்டி வரை தரக் குறியீடும் வந்தது.

ஆனால் வெளிநாட்டினரை விட அதிகம் பயன்பெற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். வேலை தேடி நகரங்களுக்கு வந்து, மதியம் வீடு திரும்ப முடியாதவர்களுக்கு அது மலிவான முழுச் சாப்பாடு. காலப்போக்கில் பெயரிலிருந்து "சுற்றுலா" உதிர்ந்தது.

பிராங்கோ 1975ல் இறந்தார். சட்டக் கட்டாயமும் பின்னாளில் நீங்கியது. கரும்பலகை மட்டும் வாசலை விட்டுப் போகவில்லை. அதை இன்றும் அங்கே நிறுத்துவது சட்டமல்ல, பசி.