வேள்விக் கிடாயும் கோவில் வாசலும்

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன் பால் தேநீரை மறுத்துவிட்டான். தயிரும் வேண்டாம், நெய்யும் வேண்டாம் என்றான். "நான் வீகன், மாமா. சைவம் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் பால் குடிக்கிறீர்களே?" என்று கேட்டான். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வட்சனும் அவருடைய நண்பர்களும் ஏனைய மரக்கறி உணவுக்காரரிடமிருந்து பிரிந்து தனிச்சங்கம் அமைத்ததும் இந்தப் பால் விவகாரத்தினால்தான். அவன் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் கொல்லாமை என்பது ஆடுமாடுகளைப் பற்றிய பேச்சாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

சமயத்தின் பெயரே உணவின் பெயராகிவிட்ட சமூகம் எங்களுடையது. மரக்கறி சைவம்; மீனும் இறைச்சியும் மச்சம். வெள்ளிக்கிழமைகளில் மச்சச் சட்டி அடுப்படிக்கு வெளியே போய்விடும். (சனிக்கிழமை அது திரும்பி வந்துவிடும் என்பது வேறு கதை.) ஆறுமுக நாவலர் கோவில்களில் உயிர்ப்பலி இடுவதைக் கடுமையாகக் கண்டித்தவர், புலாலுண்ணல் பாவம் என்று பாலபாடத்தில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். சாதி ஒழுங்கை அவர் கைவிடவில்லை. அவர் காலத்துக்குப் பின் வைரவர், காளி, அண்ணமார் கோவில்கள் பல ஆகம வழிக்கு மாறின. கிடாய் வெட்டிய முற்றத்தில் பொங்கல் பொங்கியது.

இரத்தம் சிந்தாத ஆகமக் கோவில் ஒன்றின் வாசலில்தான் 1968இல் மனிதர்கள் மறிக்கப்பட்டார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் செல்ல ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. ஆயினும் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் முன்னின்று எதிர்த்தார்.

2011 செப்டெம்பரில் முன்னேசுவரம் காளி கோவிலில் பலிக்கென நின்ற ஆடுகளையும் கோழிகளையும் அமைச்சர் மேர்வின் சில்வா அள்ளிச் சென்றபோது எனக்குக் கோபம் வந்தது. சிறுபான்மையினரின் வழிபாட்டில் கைவைக்க இவர் யார் என்று நண்பர்களிடம் பொரிந்து தள்ளினேன். 2017 ஒக்டோபரில் யாழ். மேல் நீதிமன்றம் கோவில்களில் மிருகபலியைத் தடை செய்தது. கருகம்பனை கவுணாவத்தை நரசிம்ம வைரவர் கோவில் வேள்விக்கு எதிராக அந்த வழக்கைத் தொடுத்தது எங்கள் சைவ அமைப்பொன்று. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இன்றுவரை எண்ணிப் பார்க்கிறேன்.

சிறுவயதில் ஒரு வேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன் நான். அந்தக் கதறலுக்காக யாராவது வழக்காடத்தான் வேண்டும். ஆனால் வேள்விக்கென்று கிடாய் வளர்த்து, அந்தக் காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிய பெண்ணை எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. இறைச்சிக்கடைகள் மறுநாளும் திறந்திருந்தன.

இவ்வளவையும் மருமகன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "1968இல் அம்மப்பா எங்கே நின்றார், மாமா?" என்றான்.

என் தந்தை வாழ்நாளில் மச்சம் தொட்டதில்லை. எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்.

"உள்ளே" என்றேன்.